ஐப்பசியில் கீரிப்பாறை, பேச்சிப்பாறை, கடற்கரை: ஒரே நாளில் 170 கி.மீ. சைக்கிளில் போக 11-28 கியர் போதுமா?

வடசேரி_வண்டி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேராகக் கிளம்பத் திட்டம். வழி இது: நாகர்கோவில் வடசேரி, பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, திரும்பி அழகியபாண்டியபுரம், சுருளகோடு, பெருஞ்சாணி, பொன்மனை, குலசேகரம், பேச்சிப்பாறை, அப்புறம் திற்பரப்பு, கடையாலுமூடு, அருமனை, குழித்துறை, கருங்கல், குளச்சல், அங்கிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி, சுசீந்திரம், வீடு. மேப்பில் 170-க்கும் 175-க்கும் நடுவில் காட்டுகிறது.

வண்டி: அலுமினிய ஃபிரேம் ரோடு பைக், 8 ஸ்பீடு கிளாரிஸ் (ஷிமானோ கியர்), முன்னால் 50/34 பல், பின்னால் 11 முதல் 28 பல், ரிம் பிரேக் (சக்கர வளையத்தைப் பிடிக்கிற வகை), 25 மி.மீ. டயர். உடம்பு 72 கிலோ. சமதளத்தில் 120 கி.மீ. வரை பழக்கம் உண்டு, மலைப்பக்கம் நீளமாகப் போனதில்லை.

தெரிய வேண்டியவை: 28 பல் போதுமா, மாற்ற வேண்டுமா? மலை முதலா, கடல் முதலா? மழை பிடித்தால் ரிம் பிரேக்கை நம்பலாமா? கீரிப்பாறைப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற காளிகேசம் போய்வர முடியுமா? கூட வருகிறவர் "இதுக்குப் பதிலா பொன்முடி போயிரலாம்"னு ஒற்றைக்காலில் நிற்கிறார், அந்தக் கேரளத்து மலை ஏற்றம் ஒரே நாளில் நடக்கிற காரியமா? வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் இலையுதிர்காலம்தான் தூர ஓட்டத்துக்கு உகந்தது என்கிறார்கள், நம்ம ஊருக்கு அது பொருந்துமா என்றும் சொல்லுங்கள்.

மறுகால் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்தே வாறேன். ஐப்பசி, கார்த்திகை நமக்குக் கூதிர்காலம். இலை உதிராது, வானம்தான் உதிரும். இங்கே இலை உதிர்வதைப் பார்க்கணும்னா மார்கழி முடிந்து தை மாசம் ரப்பர் தோட்டத்துக்குப் போகணும். அப்போ ரோடு முழுக்கச் சருகு மூடி, குழி எங்கே என்று தெரியாது. ஆனாலும் ஐப்பசி ஒரு வகையில் நல்ல காலம்தான். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று அடங்கியிருக்கும், வெயிலும் கொல்லாது. இடைஞ்சல் இரண்டே இரண்டு: மதியத்துக்கு மேல் இடியோடு இறங்குகிற மழை, சீக்கிரம் விழுகிற இருட்டு. ஐப்பசி கடைசியில் சூரியன் உதிக்க 6.10 ஆகும், மாலை ஆறுக்குள் மறையும்.

அதனால் மலை முதல், கடல் பிறகு. இதில் இரண்டாம் பேச்சே வேண்டாம். கடலோரத்தில் மழை பிடித்தால் ஒதுங்க பத்தடிக்கு ஒரு குருசடித் திண்ணையும் டீக்கடையும் உண்டு. பெருஞ்சாணிக்கும் பேச்சிப்பாறைக்கும் இடையில் ரப்பர் மரம்தான். ரப்பர் மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது. அது காற்றுக்கு முறிகிற சாதி, 2017 ஒக்கி புயலில் எத்தனை தோட்டம் சாய்ந்தது என்று ஊருக்கே தெரியும். இன்னொரு லாபமும் இருக்கிறது. மதியத்துக்கு மேல் கடல்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும். குளச்சலிலிருந்து கன்னியாகுமரி நோக்கிப் போனால் அது முதுகில் தள்ளும். மாற்றிப் போனால் அதே காற்று நெஞ்சில் அறையும்.

நேரக் கணக்கு இப்படி வைக்கலாம். பிஆர்எம் (கெடு வைத்து ஓட்டுகிற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம் கெடு, நிற்கிற நேரமும் சேர்த்து. அதாவது மணிக்கு 15-க்குச் சற்றுக் குறைவு. அதே நடையில் 170 கி.மீ.க்கு பதினொன்றரை மணி நேரம் ஆகும். மலைப்பக்கம் புதிது என்றால் இன்னும் ஒன்று, ஒன்றரை கூட்டிக்கொள்ளுங்கள். காலை 5 மணிக்கு வடசேரி, ஆறரை ஆறேமுக்காலுக்குக் கீரிப்பாறை, ஒன்பது மணிக்குள் குலசேகரத்தில் காலை ஆகாரம், பத்துக்குப் பேச்சிப்பாறை, பதினொன்றேகாலுக்குக் கடையாலுமூடு, ஒன்றேகாலுக்குள் குழித்துறையில் சாப்பிட்டு எழுந்தாகணும். இரண்டேகாலுக்குக் குளச்சல், மூன்றரைக்கு ராஜாக்கமங்கலம். அங்கே கடிகாரத்தைப் பாருங்கள். நாலு மணி தாண்டியிருந்தால் கன்னியாகுமரியை விட்டுவிட்டு நேரே நாகர்கோவிலுக்குத் திருப்பிவிடுங்கள், 25 கி.மீ. பக்கம் குறையும். கார்த்திகை பிறந்துவிட்டால் ஐயப்பன்மார் வேன்கள் கன்னியாகுமரி, சுசீந்திரம் ரோட்டை அடைத்துக்கொள்ளும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஞாயிறு என்றால் இன்னொன்று. காலையில் எல்லா ஊரிலும் சர்ச்சில் பூசை விட்டு ஜனம் ரோட்டுக்கு வரும். மலைவழியில் முதலில் போவதால் குழித்துறை, கருங்கல் பகுதியை நீங்கள் தொடும்போது அந்தக் கூட்டம் அடங்கியிருக்கும். தக்கலை, மார்த்தாண்டம் நெடுஞ்சாலையை எந்த நேரமும் தொடாதீர்கள். மலையோர ரோட்டிலும் கேரளா போகிற ஜல்லி டாரஸ் லாரி வரும். பின்னால் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டே இறங்கிவிடுவது நல்லது, கௌரவம் பார்க்கவேண்டாம்.

காளிகேசம்: மழைக்காலத்தில் நம்பிப் போகாதீர்கள். வனத்துறை செக்போஸ்ட் உண்டு, காட்டாறு பெருகினால் மூடிவிடுவார்கள். அந்தப் பகுதியெல்லாம் 2008-இல் சரணாலயமாக அறிவித்தது. செக்போஸ்டில் கேட்டு, விட்டால் போவது, விடாவிட்டால் திரும்புவது, வாதாட இடமில்லை. நிலவரம் அறிய நாளிதழில் தினமும் வருகிற மழையளவுப் பட்டியலைப் பாருங்கள். நாகர்கோவில் அளவைப் பார்த்துப் பிரயோசனமில்லை. பாலமோர், பெருஞ்சாணி, சுருளகோடு, சிற்றாறு என்று இருக்குமே, அதில் பாலமோர்தான் நமக்குத் துப்பு. அங்கே 40, 50 மி.மீ. காட்டினால் கீரிப்பாறைப் பக்கம் ஓடையெல்லாம் நிறைந்திருக்கும். அணை மட்டமும் பாருங்கள்: பேச்சிப்பாறைக்கு உச்சம் 48 அடி, பெருஞ்சாணிக்கு 77. உச்சத்தை நெருங்கி உபரி வெள்ளம் திறந்துவிட்டால் திற்பரப்பில் குளிக்க விடமாட்டார்கள், அங்கே நேரம் ஒதுக்கவேண்டாம்.

ஆனால் அந்தப் பட்டியல் முந்தின நாள் காலை வரைக்குமான கணக்கு. கிளம்புகிற அன்றைக்கு நம்ப வேண்டியது பழையாற்றைத்தான். பூதப்பாண்டியில் பாலத்தில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளம் (நம்ம பேச்சில் தண்ணீர்) தெளிவாக ஓடினால் போகலாம். செம்மண் கலங்கலாக, குச்சியும் சருகும் அடித்துக்கொண்டு வந்தால் மேலே ராத்திரி கொட்டியிருக்கிறது என்று அர்த்தம். கீரிப்பாறையை விட்டுவிட்டு அழகியபாண்டியபுரம் வழியாக நேரே போங்கள். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடி, அடியில் தார் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் இறங்கக்கூடாது. ஆழம் முழங்கால் அளவில்லை என்றாலும் ஓரத்தில் பாலம் இருக்கிறதா அரித்துக்கொண்டு போயிற்றா என்று தெரியாது.

முப்பத்திநாலு_பல் எழுதியது:

கியருக்கும் பிரேக்குக்கும் நான் சொல்றேன்.

குமரியில் ரோடு பைக் போகிற பொதுச் சாலைகளில் ஊட்டி மாதிரி நீண்ட கொண்டையூசி ஏற்றம் கிடையாது. மேப் செயலி கீழ்க்கோதையாறிலிருந்து மேல்கோதையாறுக்கு ஒரு கோடு காட்டினால் நம்பிவிடாதீர்கள். நடுவில் இருப்பது மின்வாரியத்தின் விஞ்ச் (கம்பிவடத்தில் இழுக்கிற வண்டி), பொதுச் சாலை இல்லை. மேலே போக மணிமுத்தாறு, மாஞ்சோலை வழிதான், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். நம்ம வழியில் இருப்பது குட்டை ஏற்றங்கள். முந்நூறு, ஐந்நூறு மீட்டர் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒவ்வொன்றும் பெரிசில்லை. ஆனால் சுருளகோட்டிலிருந்து கடையாலுமூடு வரைக்கும் இப்படி விடாமல் வரும்போது, ஒவ்வொன்றையும் எழுந்து நின்று சவுட்டினால் குழித்துறையில் தொடை கட்டிக்கொள்ளும். ஆள் தோற்பது அங்கேதான். வேகமாக ஏறத் தெரிவதைவிட மெதுவாக உட்கார்ந்து ஏற கியர் இருப்பது முக்கியம்.

கணக்கு: நீங்களும் வண்டியும் வெள்ளமும் சாமானும் சேர்த்து 85 கிலோ. 8 சதவீத ஏற்றத்தில் 34/28-இல் (முன் 34 பல், பின் 28) நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் 9.2 கி.மீ., அதற்குச் சுமார் 180 வாட்ஸ் வேண்டும். 34/32-இல் அதே 60 சுற்றுக்கு 8 கி.மீ., 160 வாட்ஸ் போதும். இந்த 20 வாட்ஸ் முதல் ஏற்றத்தில் தெரியாது, முப்பதாவது ஏற்றத்தில் தெரியும். 8 ஸ்பீடில் 11-32 கேசட் (பின்சக்கரப் பல்லடுக்கு) சாதாரணமாகக் கிடைக்கும், மலை சைக்கிளுக்கு என்று விற்பதும் இதே ஹப்பில் ஏறும். வாங்குமுன் பின் டிரெயிலரின் (செயினைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற கருவி) உள்பக்கம் பாருங்கள். ஜிஎஸ் என்று பொறித்திருந்தால் அதன் கேஜ் (செயின் ஓடுகிற கை) நடுத்தர நீளம், 32 தாங்கும். எஸ்எஸ் (குட்டைக் கேஜ்) என்றிருந்தால் அந்த மாடலுக்கு ஷிமானோ கொடுத்திருக்கிற உச்சப் பல்லையும் மொத்தக் கொள்ளளவையும் பாருங்கள். உங்களுக்குத் தேவைப்படும் கொள்ளளவு (50 − 34) + (32 − 11) = 37.

ரிம் பிரேக்கை நம்பலாம், ஆனால் அதன் குணம் தெரிந்து நம்பணும். நனைந்த ரிம்மில் கட்டை முதலில் வெள்ளத்தை வழிக்கும், அப்புறம்தான் பிடிக்கும். 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். வழிக்க ஒரு நொடி போனால் பிரேக்கே இல்லாமல் பத்து மீட்டர் போயிருப்பீர்கள். அதனால் மழையில் இறங்கும்போது வளைவுக்கு வெகு முன்னாலேயே விரலை லேசாக வைத்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டு விட்டுப் பிடியுங்கள், வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்து முடித்துவிடுங்கள். வளைவுக்குள் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும். கூட வருகிறவர் குரோம் பூசிய இரும்பு ரிம் வைத்த பழைய வண்டி கொண்டுவந்தால் மழைநாளில் சேர்த்துக்கொள்ளாதீர்கள், நனைந்தால் அதில் பிரேக் என்று ஒன்று கிடையாது.

கிளம்புவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கறுப்பு ரப்பரில் வெள்ளிப்பொடி மாதிரி மின்னும். அது ரிம்மிலிருந்து உரிந்து உள்ளே பதிந்த அலுமினியச் சீவல். மழையில் மணலும் சேர்ந்து அது ரிம்மை அரம்போல ராவும். சேப்டி பின் முனையால் ஒவ்வொன்றாகக் கிண்டி எடுங்கள், ஒரு கட்டையில் ஏழெட்டு இருக்கும். பிறகு கட்டையின் முகத்தை உப்புத்தாளில் நாலு இழுப்பு இழுத்து, முன் நுனி பின் நுனியைவிட அரை மில்லிமீட்டர் முந்தித் தொடுகிற மாதிரி மாட்டுங்கள், கீச்சொலி வராது. கட்டையில் இருக்கிற பள்ளக்கோடு தேய்ந்து மறைந்திருந்தால் புதுசு போடுங்கள். மழைக்கென்றே கூல்ஸ்டாப் சால்மன் நிறக் கட்டை உண்டு, கிடைத்தால் முன்சக்கரத்துக்கு மட்டுமாவது போடலாம்.

ரோட்டில் வழுக்குகிற இடங்களைக் கண் பழகிக்கொள்ளணும். தோட்டத்துக்குள் வெயிலே படாத வளைவுகளில் தாரின் உள்ஓரம் கரும்பச்சையாக ஒரு சாண் அகலத்துக்குப் பாசி ஓடும். வளைவை வெட்டிக் குறுக்கே போகிற பழக்கம் உள்ளவர்கள் சரியாக அதன்மேல்தான் சக்கரத்தை வைப்பார்கள். அப்புறம் வெள்ளைக்கோடு, பாலத்து இரும்புச் சட்டம், மழை கழுவிக் கொண்டுவந்து போட்ட செம்மண் பட்டை. இவற்றில் நேராகப் போங்கள், பிரேக் பிடிக்காதீர்கள், சாயாதீர்கள்.

சக்கரவர்த்தி_குளச்சல் எழுதியது:

டயர்ல நல்லா கல்லு மாதிரி காத்து அடிச்சுக்கோங்க மக்கா, 110 பிஎஸ்ஐ. மழையில வெள்ளத்தக் கிழிச்சிட்டுப் போகும், பஞ்சரும் ஆகாது. பூப்போட்ட டயர் கிடைச்சா அதையும் பாருங்க.

ஓரச்சக்கரம் எழுதியது:

சக்கரவர்த்தி அண்ணாச்சி, 110 வேண்டாம். வெள்ளத்தின் மேல் டயர் மிதந்து வழுக்குவது காருக்கு. சைக்கிள் டயர் ஒடுக்கம், அழுத்தம் அதிகம், நம்ம வேகத்தில் மிதக்கவே செய்யாது. அதனால் பூவும் தேவையில்லை. நம்மைத் தள்ளுவது பாசியும் மண்ணும். அங்கே டயர் தரையில் பரந்து உட்காரணும். கல் மாதிரி அடித்தால் குழியில் துள்ளும், துள்ளுகிற நேரத்தில் பிடிப்பு இல்லை.

கேட்டவர் எடைக்கு 25 மி.மீ. டயரில் முன்னால் 78, பின்னால் 85 பிஎஸ்ஐ. மழை நிச்சயம் என்றால் இரண்டிலும் 5 குறைக்கலாம், அதற்குக் கீழே போனால் குழியில் ரிம் இடித்துப் பாம்புக்கடிப் பஞ்சர் ஆகும். பாம்புக்கடி என்றால் டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, ஒன்றை ஒட்டிவிட்டு இன்னொன்றை விட்டுவிடாதீர்கள். ஃபிரேமிலும் பிரேக்கிலும் எல்லாப் பக்கமும் 4 மி.மீ. இடைவெளி மிஞ்சுமானால் 28 மி.மீ. டயர் போடுங்கள், அதில் 65/72 போதும். ஒன்றுக்குத்தான் கையில் காசு என்றால், என் ஓட்டு கேசட்டுக்கு முன்னால் டயருக்குத்தான். முப்பத்திநாலு_பல் சண்டைக்கு வருவார், வரட்டும்.

மழைக்காலத்தில் பஞ்சர் கூடுதல் ஆவதற்குக் காரணம், நனைந்த ரப்பரைக் கண்ணாடித்துண்டும் சரளைக்கல் முனையும் சுலபமாக வெட்டும், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே இறங்கும். நிற்கிற இடத்திலெல்லாம் உள்ளங்கையால் டயரைத் தடவி எடுத்துவிடுங்கள். ஒட்டுப்போடுவது மழையில் நடக்காது. சொல்யூஷன் காய்ந்தால்தான் பிடிக்கும், ஈர டியூபில் காயாது. அதனால் ஆளுக்கு இரண்டு முழு டியூப். டயர் கிழிந்தால் உள்ளே வைக்க பழைய டயர்த் துண்டு ஒன்று, விரல் நீளம். டயர் கழற்ற லிவர் இரண்டு, பம்பு, 8 ஸ்பீடு மிஸ்ஸிங் லிங்க் (அறுந்த செயினை இணைக்கிற கண்ணி) ஒன்று, செயின் கட்டர் உள்ள மல்ட்டி டூல். பிரெஸ்டா வால்வுக்கு (ரோடு பைக் டியூபின் ஒல்லி வால்வு) ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வாங்கி வால்விலேயே மாட்டிவையுங்கள். மலையோரத்து டூவீலர் பஞ்சர் கடைகளில் காற்று உண்டு, அந்த மூக்கு இதில் உட்காராது. 700சி (ரோடு பைக் அளவு) டியூப் வழியில் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள்.

எல்லாரும் மறக்கிற சாமான் ஹேங்கர். வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் டிரெயிலரைத் தாங்குகிற அந்தச் சின்ன அலுமினியத் துண்டு வளையும். வளைந்தது தெரியாமல் பெரிய பல்லுக்கு மாற்றினால் டிரெயிலர் சக்கரத்து ஆரக்கம்பிக்குள் போய் எல்லாம் முறியும். விழுந்தால் பின்னாலிருந்து பாருங்கள், இரண்டு சின்னப் பல்சக்கரமும் மேலே உள்ள கேசட்டுக்கு நேர்க்கோட்டில் இருக்கணும். கோணியிருந்தால் பெரிய இரண்டு பல்லைத் தொடாமல் ஊர் வந்து சேருங்கள். முறிந்தே போனால் டிரெயிலரைக் கழற்றிவிட்டு, செயினைக் குறைத்து 34-லிருந்து நடுப்பல் ஒன்றுக்கு நேராக மாட்டி ஒற்றைக் கியரில் குலசேகரம் வரை வரலாம். அங்கிருந்து குட்டியானை பிடித்தால் வண்டியோடு வீடு. நான் சொன்னது டாடா ஏஸ்.

வடசேரி_வண்டி எழுதியது:

அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. கேஜில் ஜிஎஸ் என்றுதான் இருக்கிறது, இப்போதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். டயர் 28 போட்டால் முன் பிரேக்கில் 3 மி.மீ. தான் மிஞ்சுகிறது, அதனால் 25-ஏ இருக்கட்டும், கேசட் மாற்றுகிறேன். சாப்பாட்டுக்கு என்ன செய்யணும்? ஜெல் எல்லாம் வாங்கி வைக்கணுமா? அட்டை, ஆனை பயம் வேறு வீட்டில்.

தோவாளை_மிதி எழுதியது:

ஜெல் வேண்டாம் தம்பி, நம்ம ஊரில் மரத்தில் தொங்குகிறது. மணிக்கு 50, 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகணும், அவ்வளவுதான் கணக்கு. உரித்த வாழைப்பழம் 100 கிராமில் ஏறத்தாழ 23 கிராம். மட்டிப்பழம் சிறிசு, நாலைந்து தின்றால்தான் ஒரு மணி நேரத்துக்கு ஆகும். ஆனால் பின்பையில் நசுங்காமல் இருக்கும், வயிற்றில் கனக்காது. பழுத்த ஏத்தன்பழம் (நேந்திரன்) என்றால் பெரிசாக ஒன்றரை போதும். கூடவே கடலை மிட்டாய். வறுத்த ஏத்தங்காய் சிப்ஸை ஓட்டம் முடிந்தபின் தின்னுங்கள், எண்ணெய் ஏற்றத்தில் எதிர்க்களிக்கும். குலசேகரத்தில் புட்டும் பயறும் நல்ல ஆகாரம். அரை வயிறு போதும், பேச்சிப்பாறை ஏற்றம் உடனே வருகிறது. குழித்துறையில் மீன்சாப்பாட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டால் மறுகால் அண்ணன் போட்ட கணக்கெல்லாம் போச்சு. கஞ்சியோ தயிர்சோறோ குடித்துவிட்டு எழுந்திருங்கள்.

முதல் பசி எடுக்கிற வரை காத்திருக்கக்கூடாது. அரைமணிக்கு ஒருமுறை வாயில் ஏதாவது போகணும். மழைக்குளிரில் தாகம் தெரியாது, ஆனால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தை முழு ஒரு லிட்டரில்தான் கரைக்கணும், அரை பாட்டிலில் கொட்டினால் குமட்டும். ஒரு லிட்டரில் அதில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அது உப்புக்கு, பசிக்கு அல்ல. ஓஆர்எஸ் குடிக்கிறேனே என்று பழத்தைக் குறைத்தால் கடையாலுமூட்டில் கண் இருட்டும்.

அட்டை ஓடுகிற வண்டியில் ஏறாது, நிற்கிற காலில் ஏறும். ஈரச்சருகில் வண்டியைச் சாய்த்துப் படம் எடுக்கிறவர்களுக்குத்தான் கடி. தார் நடுவில் நில்லுங்கள். ஏறிவிட்டால் பிய்க்காதீர்கள், ஒரு சிட்டிகை உப்பு போதும், தானே விழும். ஃபிலிம் டப்பாவில் உப்பு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் நிற்க நேரம் எடுக்கும், பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, நனைந்த பைக் ஷார்ட்ஸ் நூறு கிலோமீட்டரில் தொடையிடுக்கை அறுத்துவிடும். கிளம்பும்போதே வாஸ்லின் தாராளமாகத் தடவி, குலசேகரத்தில் மறுபடி ஒருமுறை. இதைக் கேட்க வெட்கப்பட்டுக் கஷ்டப்படுகிறவர்கள் நிறைய.

ஆனை கீரிப்பாறையிலும் உண்டு, பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு ரோட்டிலும் உண்டு. விடியலும் அந்தியும் அதன் நேரம். அதனால் தடிக்காரன்கோணத்துக்கு மேலே ஆறேகாலுக்கு முன் போகவேண்டாம், சீக்கிரம் வந்துவிட்டால் டீ குடித்துக்கொண்டு நில்லுங்கள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற டூவீலர்கள் எதிரே வரும், அவர்களைக் கேட்டாலே "மேல நிக்கி"ன்னு சொல்லிவிடுவார்கள். ரோட்டில் பிண்டம் (ஆனைச் சாணம்) ஈரமாக, ஆவி பறக்கக் கிடந்தால், அல்லது ஈத்தல் (மூங்கில் வகை) ஒடித்த இடம் இன்னும் பச்சையாக ஈரமாக இருந்தால், ஆனை போய் ரொம்ப நேரம் ஆகவில்லை. திரும்பி நூறு இருநூறு மீட்டர் கீழே வந்து, ஜீப்போ பஸ்ஸோ வருகிறவரை நில்லுங்கள். பெல் அடிப்பது, டார்ச்சை முகத்தில் அடிப்பது, படம் எடுப்பது, மூன்றும் கூடாது. அங்கெல்லாம் சிக்னல் கிடைக்காது. வழி மேப்பை வீட்டிலேயே இறக்கிவைத்து, எத்தனை மணிக்குக் குலசேகரம் வந்து போன் செய்வோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

முப்பத்திநாலு_பல் எழுதியது:

ஓரச்சக்கரத்தோடு சண்டை அப்புறம். பொன்முடி பாக்கி இருக்கிறது.

ஒரே நாளில் வேண்டாம். குலசேகரம், வெள்ளறடை, அம்பூரி, நெய்யாறு அணை, ஆர்யநாடு, விதுரை என்று போனால் நாகர்கோவிலிலிருந்து விதுரைக்கே நூறு கிலோமீட்டர் பக்கம் ஆகிவிடும், அதுவும் சமதளம் கிடையாது. விதுரையில் தங்கி, மறுநாள் காலை ஏறுவதுதான் முறை. கல்லாறு தாண்டியதும் தொடங்கி 22 கொண்டையூசி வளைவு, உச்சி 1,100 மீட்டர் பக்கம். செங்குத்து என்று சொல்லமுடியாது, பெரும்பாலும் 5, 6 சதவீதம்தான், ஆனால் விடவே விடாது. 11-32 இருந்தால் பேசிக்கொண்டே ஏறலாம். ஐப்பசியில் மண்சரிவால் ரோடு மூடுவது உண்டு, செக்போஸ்டில் பகலில் இத்தனை மணிக்கு மேல் ஏற்றமாட்டார்கள் என்றும் உண்டு. இரண்டையும் முதல்நாளே விதுரையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அங்கே பாடுபடுத்துவது இறக்கம். வேர்த்து நனைந்து உச்சிக்குப் போய், மூடுபனியில் பத்து நிமிடம் நின்றுவிட்டு அப்படியே இறங்கினால் விரல் விறைத்துப் பிரேக் லிவரை இழுக்கமுடியாது. மழைக்கோட்டை ஏறும்போது போடாதீர்கள், உள்ளேயே வெந்து நனைவீர்கள். இறங்குமுன் போடுங்கள். உச்சியில் டீக்கடையில் பழைய செய்தித்தாள் ஒன்று வாங்கி நாலாக மடித்து ஜெர்சிக்குள் நெஞ்சில் வைத்தால் காற்று புகாது. நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்கமுடியாத சூடு என்றால் ஆறவிடுங்கள், விடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கினால் சூட்டில் டியூப் வெடிக்கும். லேசாக இருக்கிறதென்று டிபியு (பிளாஸ்டிக் வகை) டியூப் போட்டவர்கள் ரிம் பிரேக்கில் இந்த மாதிரி இறக்கத்துக்கு வரவேண்டாம், அது சூடு தாங்காது.

கடலோரம் முடித்து வீடு வந்ததும், எவ்வளவு அலுப்பானாலும், வண்டியை ஒரு வாளி நல்ல வெள்ளம் ஊற்றிக் கழுவிவிடுங்கள். மணக்குடிப் பக்கம் உப்புக்காற்று போல்ட்டுத் தலையில் உட்கார்ந்து ராத்திரியிலேயே செந்துரு கட்டும். சீட் போஸ்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள், ஃபிரேமுக்குள் போன வெள்ளம் அரை டம்ளராவது வடியும். செயினைத் துணியால் துடைத்து மழைக்கால ஆயில் விடுங்கள். வெயில்கால ஆயில் பெருஞ்சாணி வருமுன்பே கழுவிக்கொண்டு போய்விடும்.

வடசேரி_வண்டி எழுதியது:

பொன்முடியைத் தை மாசத்துக்குத் தள்ளியாச்சு, ஆள் சம்மதித்துவிட்டார். கடைசியாக ஒன்று: 28-லிருந்து 32 போட்டால் பழைய செயினே போதுமா?

முப்பத்திநாலு_பல் எழுதியது:

போட்டுப் பார்க்குமுன் பெரிய பல்லுக்கு ஷிஃப்ட் செய்துவிடாதீர்கள், நீளம் பத்தாவிட்டால் டிரெயிலர் பிய்யும். செயினைப் பிரித்து, டிரெயிலர் வழியாகக் கோக்காமல், முன் 50-இலும் பின் 32-இலும் நேராகச் சுற்றுங்கள். முனைகள் சந்திக்கிற இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி மிஞ்சணும். மிஞ்சவில்லையென்றால் புதுசு. மிஞ்சினாலும் தேய்மானம் பாருங்கள்: ஸ்கேலை வைத்து ஒரு பின்னிலிருந்து பின்னுக்கு 12 முழுக் கண்ணி அளந்தால் புதுச் செயின் 304.8 மி.மீ. வரும். 307-ஐத் தொட்டிருந்தால் புதுக் கேசட்டில் பல் தாவும், சரியாக ஏற்றத்தின் நடுவில் தாவும். பிறகு பின்னால் 32-இல் நிறுத்தி, பி-ஸ்குரூவைத் திருகி மேல் பல்சக்கரத்துக்கும் கேசட்டுக்கும் நடுவில் 5, 6 மி.மீ. விடுங்கள். சனிக்கிழமை ராத்திரி இந்த வேலையில் இறங்கவேண்டாம். புதன்கிழமையே முடித்து, குமாரகோவில் வரை ஒரு தடவை போய்வந்து கேபிளை இழுத்துக் கட்டுங்கள், கேபிளும் புதுசு போட்டிருந்தால் அது முதல் முப்பது கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும்.